உடல்வழி உளச்சிகிச்சைக்குள் நுழைவது எப்படி: முதல் மூன்று ஆண்டுகளுக்கான வழிகாட்டி

பேச்சுவழிச் சிகிச்சையில் ஓரளவு பழகிய ஆலோசகர்கள் பலரும் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலில் வந்து நிற்பார்கள். எதிரே இருப்பவர் நடந்த விபத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். "என் மேல தப்பில்லைன்னு தெரியும்" என்றும் சொல்கிறார். ஆனாலும் லாரி ஹாரன் கேட்டதும் தோள் இரண்டும் காது வரை ஏறுகிறது. இரவு இரண்டு மணிக்கு வியர்த்து விழிப்பு வருகிறது. புத்திக்குப் புரிந்தது உடம்புக்கு இன்னும் எட்டவில்லை. உடல்வழி உளச்சிகிச்சை அங்கேதான் வேலை செய்கிறது. மூச்சு, தசை இறுக்கம், பாதியில் நின்றுபோன அசைவு, வயிற்றின் பிசைவு எல்லாமே அதற்குச் செய்திதான்.

இந்தத் துறைக்குள் வருபவர்கள் முதலில் தேடுவது உத்திகளை. முதலில் கற்க வேண்டியதோ நிறுத்தும் கலையை. ஒருவரின் உள்ளே கிடப்பதைக் கிளற வார இறுதிப் பயிலரங்கு ஒன்று போதும். கிளறியதை அடக்கி, ஆளை நல்லபடியாக வீடு போய்ச் சேர வைக்கப் பழக இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். கீழே சொல்லும் படிகளின் வரிசை இதை வைத்துத்தான்.

படி 1: அடிப்படைத் தகுதி

சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங், சென்சரிமோட்டார் சைக்கோதெரபி, ஹக்கோமி என்ற உடல்வழி முறைகளில் எதுவானாலும், அவை தரும் சான்றிதழ் தொழில் உரிமம் ஆகாது. ஏற்கெனவே உள்ள தகுதியின் மேல் ஏறும் பயிற்சி அது. இந்தியாவில் 'மருத்துவ உளவியலாளர்' என்று பலகை வைக்க, ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் ஏற்ற படிப்பும் அதன் பதிவும் வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளருக்கான தகுதியை வரையறுத்திருக்கிறது. ஆலோசகராக இருப்பவர்கள் உளவியலிலோ சமூகப்பணியிலோ முதுகலைப் பட்டமும், மேற்பார்வையோடு ஆட்களைப் பார்த்த அனுபவமும் பெற்ற பிறகு வருவது நல்லது. யோகா ஆசிரியர், பிசியோதெரபிஸ்ட், நடன ஆசிரியர் ஆகியோரையும் சில பயிற்சிகள் சேர்த்துக்கொள்கின்றன. அவர்கள் கற்றதைத் தங்கள் தொழிலின் எல்லைக்குள் பயன்படுத்தலாம். அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு உளச்சிகிச்சை செய்யக் கிளம்பக் கூடாது.

உடலுக்குப் போகும் முன் மூன்று விஷயங்கள் கைவசம் இருக்கட்டும். ஒன்று, தற்கொலை எண்ணத்தை நேராகக் கேட்டு அளவிடும் பழக்கம். இரண்டு, பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு), சிக்கலான பிடிஎஸ்டி, டிஸோசியேஷன் (நினைவும் உணர்வும் தன்னைவிட்டு விலகிப்போவது) மூன்றையும் பிரித்துப் பார்க்கும் அறிவு. பிடிஎஸ்டி 1980-இல் அமெரிக்க மனநோயறிதல் கையேடான டிஎஸ்எம்-3 வழியாக அதிகாரபூர்வ நோயறிதல் ஆனது. சிக்கலான பிடிஎஸ்டி உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11இல் தனி இடம் பெற்று 2022-இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் சிகிச்சையின் வேகம் வேறு. மூன்று, சட்டம். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்மீதான பாலியல் வன்முறை தெரியவந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். 'இங்கே பேசுவது வெளியே போகாது' என்று உறுதி கொடுக்கும் முன்பே இந்த விதிவிலக்கைச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் நம்பிக்கைத் துரோகமாகத்தான் படும்.

படி 2: எந்தப் பள்ளி (சிகிச்சை மரபு)

வரலாற்றைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் தேர்வு எளிது. ஃபிராய்டின் வட்டத்தில் இருந்த வில்ஹெல்ம் ரைக் 1930-களில், அடக்கிய உணர்ச்சி தசையில் கவசமாக இறுகுகிறது என்றார். அவரிடம் கற்ற அலெக்சாண்டர் லோவன் அதிலிருந்து பயோஎனர்ஜெட்டிக்ஸை வளர்த்தெடுத்தார். அந்தத் தலைமுறையின் நாட்டம் வெடித்து அழுவதிலும் கத்துவதிலும் மெத்தையை அடிப்பதிலும் இருந்தது. அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கியது. பின்னால் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். யூஜின் ஜென்ட்லின், உடலில் தோன்றும் தெளிவற்ற உணர்வோடு பொறுமையாக இருக்கும் ஃபோகசிங் முறையைத் தந்தார். ரான் கர்ட்ஸ் ஹக்கோமியை உருவாக்கினார். அந்த வழியில் வந்த பேட் ஆக்டன் சென்சரிமோட்டார் முறையை அமைத்தார். பீட்டர் லெவின் சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்கைத் தந்தார்.

விபத்து, பேரிடர், அறுவைசிகிச்சை போன்ற ஒற்றைச் சம்பவ அதிர்ச்சிகளை அதிகம் பார்ப்பவர்களுக்குச் சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங் பொருந்தும். இந்தியாவிலும் பயிற்சி நடக்கிறது. மூன்று ஆண்டுகள், எட்டுத் தொகுதிகள்; அதற்கு மேல் உங்களுக்கே 12 தனி அமர்வுகள், 18 மணி நேர கேஸ் ஆலோசனை. குழந்தைப் பருவப் புறக்கணிப்பு, உறவுமுறிவு, டிஸோசியேஷன் என்று அதிகம் பார்ப்பவர்களுக்குச் சென்சரிமோட்டார் கைகொடுக்கும். கையில் காசும் நேரமும் குறைவு என்றால் ஃபோகசிங்கில் தொடங்குங்கள். எந்தப் பள்ளிக்குப் பிறகு போனாலும் அது வீண் போகாது.

ஆதாரத்தைப் பற்றியும் நேராகச் சொல்லியாக வேண்டும். பிடிஎஸ்டிக்கு உலகச் சுகாதார நிறுவனமும் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பும் முன்வைப்பவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட சிபிடியும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை) இஎம்டிஆரும் (கண்ணசைவோடு அதிர்ச்சி நினைவைக் கையாளும் சிகிச்சை). சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்குக்கு ஆய்வுகள் குறைவு. 2017-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்று 63 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, வாரம் ஒன்றாக 15 அமர்வுகள் நடத்திப் பார்த்து நல்ல பலனைக் காட்டியது. சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரக் கிராமங்களில் நடந்த பணியைப் பற்றி 2008-இல் வந்த கட்டுரையும் முன்னேற்றத்தைச் சொல்கிறது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. ஆகவே அதை நிரூபணம் என்று தூக்கிப் பிடிக்க முடியாது. வேகஸ் நரம்பை வைத்துப் பயத்தையும் உறைதலையும் விளக்கும் பாலிவேகல் கோட்பாடும் இப்படித்தான். வகுப்பில் வரைபடமாக உதவும். ஆனால் அதன் உடலியல் அடிப்படையை நரம்பியலாளர்கள் பலர் ஏற்கவில்லை. வருபவரிடம் 'உங்க வேகஸ் நரம்பு இப்படி ஆயிடுச்சு' என்று அடித்துச் சொல்ல வேண்டாம். 'உடம்பு ஆபத்துன்னு நினைச்சுத் தயாராகுது' என்றால் போதும். அதில் பொய்யும் இல்லை, புரியவும் புரியும்.

வசதியிருந்தால் இஎம்டிஆர் அடிப்படைப் பயிற்சியையும் சேர்த்து முடித்துவிடுங்கள். அதன் எட்டுக் கட்டங்களில் ஆறாவது கட்டமே உடலைத் தலை முதல் கால் வரை மனதால் வருடிப் பார்ப்பதுதான். இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

படி 3: முதலில் உங்கள் உடம்பு

பலரும் தாண்டிக் குதிக்கும் படி இது. தன் தோள் இறுகுவதை அறியாதவர் அடுத்தவர் தோள் இறுகுவதைப் பார்க்கத் தவறுவார். பயிற்சியில் சேர்வதற்கு ஆறு வாரம் முன்பிருந்தே நாளும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் திறந்தபடியே, பாதம் தரையைத் தொடும் இடத்தில் இரண்டு நிமிடம் கவனம் வையுங்கள். பிறகு உட்காரும் எலும்பு, முதுகு, கை, தாடை என்று மெல்ல மேலே வாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்றே கேள்விகள்: சூடா குளிரா? இறுக்கமா தளர்வா? அசைகிறதா நிற்கிறதா? எதையும் மாற்ற வேண்டாம். முடிந்ததும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள்.

முதல் வாரம் 'ஒன்றும் தெரியவில்லை' என்றே எழுதுவீர்கள். அது இயல்பு. அடிவயிற்றுக்குப் போனால் மட்டும் தூக்கம் வருகிறது, அல்லது கழுத்துக்கு வந்ததும் எண்ணம் வேறெங்கோ ஓடுகிறது என்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, தனியாக நோண்டாமல் உங்கள் சிகிச்சையாளரிடம் எடுத்துப் போங்கள். பயிற்சிக்குக் கணக்குக் காட்ட எடுக்கும் தனி அமர்வுகளைக் கடைசி ஆண்டில் அவசரமாக முடிப்பவர்கள் உண்டு. முதல் ஆண்டிலேயே பாதியை எடுத்துவிட்டால் வகுப்பில் சொல்வது காதோடு நிற்காது.

படி 4: தமிழில் உடம்பைக் கேட்பது

பயிற்சிகள் ஆங்கிலத்தில் நடக்கும். வகுப்பில் கற்ற கேள்வியை அப்படியே தமிழாக்கி 'உங்க உடம்புல என்ன உணர்றீங்க?' என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் 'ஒண்ணும் இல்லையே' என்பார்கள், அல்லது முழங்கால் வலியைச் சொல்வார்கள். நம் ஆட்களிடம் உடல்மொழிச் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. அதற்குள் போகும் வழி வேறு. இடத்தைச் சொல்லி, மூன்று தேர்வைக் கொடுத்து, நான்காவதைத் திறந்து விடுங்கள்: "இதைச் சொல்றப்ப நெஞ்சு எப்படி இருக்கு? அடைக்கிற மாதிரியா, படபடன்னா, பாரமா, இல்ல வேற மாதிரியா?"

வருபவரின் சொல்லையே திரும்பப் பயன்படுத்துங்கள். 'வயித்தைப் பிசையுது' என்றவரிடம் 'பதற்றம்' என்று மாற்றிச் சொல்லாதீர்கள். கைகால் வெலவெலத்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது, உச்சி சுடுகிறது, ஈரக்குலை நடுங்கியது, உடம்பு மரத்துப் போச்சு என்று அவர் சொல்வது எல்லாம் துல்லியமான தகவல். முதல் நான்கும் உடம்பு முடுக்கிவிடப்பட்டிருப்பதைச் சொல்லலாம். 'மரத்துப் போச்சு' என்பது உறைநிலையைச் சொல்லலாம். இரண்டுக்கும் நீங்கள் செய்ய வேண்டியது வேறுவேறு.

யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் பணியாற்றியவர்களும் போர்க்காலத்தில் கண்டதும் இதை ஒட்டியதே. துயரம் உடல் முறைப்பாடாகவே வெளிவந்தது. மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமான, உடலையும் மனதையும் தளர்த்தும் சாந்த வழிமுறைகளும் மூச்சுப் பயிற்சியும் மந்திர உச்சரிப்பும் ஏற்புடையவையாக இருந்தன. உங்களிடம் வருபவர் காலையில் கோலம் போடுகையில் மட்டும் மனசு அமைதியாகிறது என்றால், வகுப்பில் கற்ற எந்தப் பயிற்சியைவிடவும் அது நல்ல தொடக்கம்.

சாமி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. அமர்வுக்கு வெளியே, கோயிலில், ஊரார் நடுவில் நிகழும் அருளை நோயாகப் பதிய வேண்டாம். அமர்வுக்குள்ளேயே ஒருவர் அந்த நிலைக்கு நழுவினால், அதை ஊக்குவிக்கவும் வேண்டாம், விளக்கவும் வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைத் திறக்கச் சொல்லி, பாதத்தை உணரவைத்து அறைக்குத் திரும்பக் கூட்டி வாருங்கள்.

படி 5: அறை

நாற்காலிகளை நேருக்கு நேர் போடாதீர்கள். சற்றுக் கோணமாக, நாலைந்து அடி தள்ளிப் போடுங்கள். வருபவருக்குக் கதவு தெரிய வேண்டும். அவருக்கும் கதவுக்கும் நடுவே நீங்கள் உட்காரக் கூடாது. பாதம் தரையில் முழுதாகப் படாத உயரம் குறைந்தவர்களுக்குச் சிறு பலகை வையுங்கள். கால் தொங்கிக்கொண்டிருந்தால், தரையில் ஊன்றி நிதானத்துக்கு வரவைக்கும் கிரவுண்டிங் எதுவும் வேலை செய்யாது. தரையில் உட்கார விரும்பினால் சுவரோரம் பாய், முதுகுக்குத் தலையணை. கனமான இரண்டு மெத்தை, ஒரு சால்வை, தண்ணீர், இருவருக்கும் தெரியும்படி ஒரு கடிகாரம். தள்ளிப் பார்க்கக் காலியான சுவர் ஒன்று வேண்டும். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் கேட்கும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீர்ச் சத்தம் இவர்களைத் தூக்கிவாரிப் போடும்.

படி 6: யாரை எடுப்பது, யாரை அனுப்புவது

முதல் அமர்வில் உடல்வேலை கிடையாது. மருத்துவ வரலாற்றைக் கேளுங்கள். நெஞ்சு வலி, மயக்கம், வலிப்பு, ஆஸ்துமா, கர்ப்பம், சமீபத்திய அறுவைசிகிச்சை ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். படபடப்பும் கைநடுக்கமும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் தைராய்டு பரிசோதனைக்கு அனுப்புங்கள். மூச்சிரைப்பும் சோர்வும் என்றால் இரத்தசோகையைப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்ச்சி என்று நினைத்துப் பல மாதம் கால் ஊன்றப் பழக்கிவிட்டு, பிறகு இதயத்துடிப்புக் கோளாறு என்று தெரிந்தால் அது நம் பிழை. தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை எடுப்பவர்களுக்கு உடலுணர்வு மங்கலாக இருக்கலாம்; மருந்தை நீங்களாக நிறுத்தச் சொல்லவே கூடாது.

அளவுகோல்கள் மூன்று போதும். பிடிஎஸ்டிக்கு பிசிஎல்-5 கேள்வித்தாள்: 20 கேள்விகள், 0 முதல் 80 வரை மதிப்பெண், 31-33க்கு மேல் என்றால் பிடிஎஸ்டி இருக்க வாய்ப்பு, விரிவாகப் பார்க்க வேண்டும். நான்கைந்து அமர்வுக்கு ஒருமுறை திரும்பக் கொடுங்கள். 10 புள்ளிக்குக் குறைவான இறக்கத்தை முன்னேற்றம் என்று குறிப்பில் எழுதாதீர்கள். டிஸோசியேஷனுக்கு டிஇஎஸ்: 28 கேள்விகள், சராசரி 30ஐத் தாண்டினால் முதலாண்டில் நீங்கள் எடுக்க வேண்டாம். மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9, அதன் ஒன்பதாவது கேள்விதான் தற்கொலை எண்ணத்தைத் தொடுவது, பூஜ்யம் தவிர எது வந்தாலும் அங்கேயே நின்று பேசுங்கள்.

முதல் ஐந்தாறு பேரும் வயது வந்தவர்களாக, ஒற்றைச் சம்பவத்தால் பாதிக்கப்பட்டவர்களாக, வீட்டில் பாதுகாப்பு உள்ளவர்களாக இருக்கட்டும். இன்னும் அடி வாங்கிக்கொண்டிருப்பவருக்குத் தேவை பாதுகாப்புத் திட்டம். அவர் உடம்பு விழிப்பாக இருப்பது சரிதான். அதைத் தளர்த்தப் போகாதீர்கள். மனச்சிதைவின் தீவிர கட்டம், கட்டுப்படாத போதைப் பழக்கம், அண்மைய தற்கொலை முயற்சி ஆகியவை மனநல மருத்துவரோடு சேர்ந்து பார்க்க வேண்டியவை.

படி 7: ஓர் அமர்வு, நிமிடக் கணக்கில்

மாதிரிக்கு, ஸ்கூட்டரில் போகும்போது சந்திப்பில் லாரி உரசி விழுந்த பள்ளி ஆசிரியை ஒருவரை எடுத்துக்கொள்வோம். எட்டு மாதம் ஆகிறது. எலும்பு கூடிவிட்டது, வண்டியைத் தொட முடியவில்லை. இது மூன்றாவது அமர்வு, 60 நிமிடம்.

முதல் ஐந்து நிமிடம் வாரச் செய்தி: தூக்கம், மருந்து, சாப்பாடு. இப்போதைய கலக்கம் பத்துக்கு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த பத்து நிமிடம் பிடிமானம். "அறையை மெதுவா ஒரு சுத்துப் பாருங்க. கழுத்தும் சேர்ந்து திரும்பட்டும். கண்ணு எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நிக்கட்டும்." கண்ணை மட்டும் உருட்டாமல் கழுத்தையும் திருப்பச் சொல்வது முக்கியம். அவர் ஜன்னலோரச் செடியில் நிற்கிறார். காத்திருங்கள். இருபது முப்பது நொடியில் தானாக ஒரு மூச்சு இறங்கும், தோள் சற்றுத் தாழும், வயிறு லேசாகச் சத்தமிடலாம், கொட்டாவி வரலாம். உடம்பு தணிகிறது என்பதற்கு இவை அடையாளம். இது நிகழாதவரை அடுத்ததற்குப் போக வேண்டாம். முழு அமர்வும் இதிலேயே கழிந்தால் கழியட்டும். இரண்டாவது மூன்றாவது அமர்வில் பாதிப் பேருக்கு அப்படித்தான் நடக்கும்.

பிறகு சம்பவத்துக்குள் போகலாம், ஆனால் மோதலில் தொடங்காதீர்கள். விளிம்பில் தொடங்குங்கள்: விழுந்த பிறகு முதலில் ஓடிவந்தது யார்? 'பூக்கடைக்கார அம்மா' என்கிறார். அந்த அம்மா தோளைப் பிடித்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டு அங்கே ஒரு நிமிடம். அதன்பின் மோதலுக்குச் சில நொடி முன்னால், சிறு துண்டு மட்டும்.

"சிக்னல்ல நின்னேன் மேடம், பச்சை விழுந்துச்சு, வலது பக்கம்..."

"அங்கேயே நிறுத்திக்கலாம். இப்போ உடம்புல எங்க என்ன நடக்குது?"

"வலது கை இறுகுது."

"சரி. தளர்த்த வேண்டாம். அந்தக் கை என்ன செய்யப் பாக்குது?"

"பிரேக் பிடிக்க."

அன்று முடியாமல் போன அசைவு இதோ வந்துவிட்டது. கையில் சிறு மெத்தையைக் கொடுத்து, மிக மெதுவாக அழுத்தச் சொல்லுங்கள். விரல் மூடப் பத்து நொடி ஆகட்டும். வேகமாக ஒரே பிடியாகப் பிடித்தால் பழைய பதற்றம்தான் திரும்பும். மெதுவாகச் செய்யும்போது தோளும் முதுகும் பாதமும் சேர்ந்து வருவதை அவரால் கவனிக்க முடியும். முடிந்ததும் மெத்தையைக் கீழே வைத்து, பார்வையைச் செடிக்குக் கொண்டுபோய், ஓரிரு நிமிடம் சும்மா இருக்க விடுங்கள். கலக்கமும் ஆறுதலுமாக இப்படி மாறிமாறி ஊசலாடவிடுவதையே லெவின் முறையில் பெண்டுலேஷன் என்கிறார்கள். துண்டு துண்டாக எடுப்பது டைட்ரேஷன். ஓர் அமர்வில் இரண்டு, மிஞ்சினால் மூன்று சுற்று போதும். இறுகிய முடிச்சை வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும்.

நடுவில் தொடையோ கையோ லேசாக நடுங்கலாம். கண் திறந்திருந்து, உங்களோடு பேச முடிகிறதென்றால் தடுக்க வேண்டாம்: "நடுங்கினா நடுங்கட்டும், நான் இங்கதான் இருக்கேன். பாதம் தரையில இருக்குதா பாருங்க." நடுக்கம் கூடிக்கொண்டே போய்ப் பேச்சும் நின்றால் உடனே அறைக்குத் திருப்புங்கள்.

நாற்பதாவது நிமிடத்துக்கு மேல் புதிதாக எதையும் திறக்காதீர்கள். இது கடினமான விதி. நாற்பத்தைந்தாவது நிமிடத்தில்தான் பலரும் பெரிய விஷயத்தைச் சொல்வார்கள். "முக்கியமானதைச் சொல்லியிருக்கீங்க. அதுக்கு உரிய நேரம் அடுத்த வாரம் தர்றேன்" என்று பெயரிட்டு மூடிவையுங்கள். கடைசிப் பதினைந்து நிமிடம்: எழுந்து நடக்கச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், பத்துக்கு எத்தனை என்று மறுபடி கேளுங்கள். வந்தபோது இருந்ததைவிட அதிகம் என்றால் இன்னும் அனுப்பக் கூடாது. எப்படி வீட்டுக்குப் போகிறார், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஓரிரு நாளைக்குச் சோர்வும் கனவும் வரலாம் என்று சொல்லிவையுங்கள். இரவில் தாங்க முடியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, நாள் முழுதும் தமிழிலும் பேசலாம் என்று எழுதிக் கொடுங்கள்.

சறுக்கும் இடங்கள்

'ஆழமா மூச்சு விடுங்க' என்பது கெடுதல் செய்யும் அறிவுரைகளில் முதன்மையானது. பயந்தவர் ஏற்கெனவே அதிகம் மூச்சிழுக்கிறார். இன்னும் ஆழமாக இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்து, உதடு கூசி, தலை சுற்றும்; அவர் சாகப்போவதாக நினைப்பார். உள்மூச்சைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். வெளிமூச்சை மட்டும் 'ஊ...' என்று மெல்ல நீட்டச் சொல்லுங்கள். மூச்சைக் கவனிப்பதே பயம் தருகிறதென்றால் மூச்சைத் தொடாமல் பாதத்துக்கும் கைக்கும் போங்கள்.

கண்ணை மூடச் சொல்வது அடுத்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்குக் கண்மூடிய இருட்டில் சம்பவம் காத்திருக்கும். உடலை மனதால் வருடிப் பார்க்கச் சொல்லும்போது தொண்டை, நெஞ்சு, இடுப்பு ஆகியவற்றை அவர் கேட்காமல் குறிப்பிடாதீர்கள். உள்ளங்கை, மூக்கு நுனி, முட்டி போன்ற நடுநிலையான இடங்களில் தொடங்குங்கள்.

உறைந்துபோனவரை அமைதியானவர் என்று எண்ணிவிடுவது அனுபவசாலிகளுக்கும் நேரும். உண்மையில் அமைதியானவரின் முகத்தில் நிறம் இருக்கும், கண் நகரும், குரலில் ஏற்ற இறக்கம் இருக்கும், கை சூடாக இருக்கும். உறைந்தவரின் கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், இமை அரிதாகவே கொட்டும், விரல் சில்லிட்டிருக்கும், 'சரி மேடம், நல்லா இருக்கு மேடம்' என்று சுவரில் இருந்து பேசுவதுபோல் பதில் வரும். அப்போது இன்னும் உள்ளே போகச் சொல்லாதீர்கள். அறையில் உள்ள நீலநிறப் பொருள்களை எண்ணச் சொல்லுங்கள், காலை மாற்றி மாற்றித் தரையில் அழுத்தச் சொல்லுங்கள், எழுந்து நிற்க வையுங்கள்.

கதறி அழுததை வெற்றியாகக் குறிப்பெழுதுபவர்கள் உண்டு. அழுகைக்குப் பிறகு அவர் உங்கள் கண்ணைப் பார்த்தாரா, அன்றிரவு தூங்கினாரா என்பதுதான் கணக்கு. மூன்று வாரம் தொடர்ந்து அழுது, பிசிஎல்-5 மதிப்பெண் ஏறியிருந்தால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள்.

மிகக் கொடிய தவறு, உடலுணர்விலிருந்து சம்பவத்தை ஊகிப்பது. இடுப்பு நடுங்கியதால் சிறுவயதில் ஏதோ நடந்திருக்கும் என்று ஒரு வாய்வார்த்தை விட்டால், அது நினைவாகவே முளைத்துவிடும். குடும்பங்கள் உடைந்திருக்கின்றன. எந்த உடலுணர்வும் எந்தச் சம்பவத்துக்கும் சாட்சியம் ஆகாது. 'என்ன அது?' என்று வருபவரே கேட்டாலும், "தெரியாது. இப்போ எப்படி இருக்குன்னு மட்டும் பாக்கலாம்" என்பதே பதில்.

தொடுதல்

முதல் ஆண்டு தொடவே வேண்டாம். பள்ளி கற்றுக் கொடுத்தாலும் சரி. மேசைமேல் படுக்கவைத்துச் செய்யும் முறைகளுக்கு இன்னும் பொறுங்கள். நம் ஊரில் எதிர்பாலர் தொடுவதன் பொருள் அறைக்குள்ளேயே நிற்பதில்லை, வீடு வரை போகும். அதிகாரத்தில் இருப்பவர் கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லப் பழகாதவர்கள்தான் அதிகம் வருவார்கள். அவர்களின் 'சரிங்க' சம்மதம் ஆகாது. கையை அவரே தன் நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம், சுவரைத் தள்ளலாம், மெத்தையை இரு பக்கமும் பிடித்து நீங்களும் அவரும் அழுத்திப் பார்க்கலாம். தேவைகளில் பெரும்பகுதி இதிலேயே முடியும். பின்னாளில் தொடுவதென்றால் எழுத்தில் தனிச் சம்மதம், எங்கே, எதற்கு, எவ்வளவு நேரம் என்ற விவரம், எந்த நொடியும் நிறுத்தலாம் என்ற ஒத்திகை. 'நிறுத்துங்க' என்று சொல்லிப் பார்க்க வைத்து, நீங்கள் உடனே கை எடுப்பதை மூன்று முறையாவது காட்டிய பிறகுதான்.

மேற்பார்வையும் குறிப்பும்

ஐந்து அமர்வுக்கு ஒரு மணி நேரம் மேற்பார்வை என்பது தொடக்கத்தில் நல்ல விகிதம். உங்கள் பள்ளியைச் சேர்ந்தவர் உள்ளூரில் கிடைக்காவிட்டால் இணையவழியில் பாருங்கள். ஆனால் தற்கொலை அபாயம், சட்டம், மருத்துவமனைக்கு அனுப்புவது ஆகியவற்றுக்கு உள்ளூர் மூத்தவர் ஒருவர் கட்டாயம். சம்மதத்தோடு ஒலிப்பதிவு எடுத்துப் போனால் உங்கள் குரலின் வேகம் தெரியும். புதியவர்களின் பதிவில் மௌனம் ஐந்து நொடியைத் தாண்டாது. அதை இருபதாக்குவதே முதல் ஆறு மாத வீட்டுப்பாடம்.

குறிப்பேட்டில் பார்த்ததை எழுதுங்கள், ஊகித்ததை எழுதாதீர்கள். 'நரம்பு மண்டலம் விடுவித்தது' என்று எழுதினால் அடுத்த வாரம் உங்களுக்கே விளங்காது. 'வலது கை இறுகியது, 10 நொடி மெதுவாக அழுத்தினார், தொடை நடுக்கம் 40 நொடி, பிறகு பெருமூச்சு, கலக்கம் 7லிருந்து 4' என்று எழுதுங்கள்.

ஒரு நாளில் அதிர்ச்சி அமர்வுகள் நான்கைத் தாண்ட வேண்டாம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 20 நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் குறிப்பை முடித்து, கைகால் கழுவி, வெளியே ஒரு நடை போய்வாருங்கள். வருபவரின் உறக்கமின்மை உங்களுக்கும் வந்தால், மாலை நேர அமர்வுகளை இரண்டு வாரம் குறைத்து, அடுத்த மேற்பார்வையில் கேஸுக்கு முன் அதைச் சொல்லுங்கள்.